பின்பக்கமாக இறங்கிய சனிக்கிழமை

ஈரக் கம்பளிக் கையுறை ஹீட்டரில் காயும் மணம். பாதி நனைந்த நாய், பாதி டோஸ்டரில் கருகிய பாண். மெல்பேர்ன் மழையில் நனைந்து வந்து யாராவது கையுறையைக் கழற்றி வெப்பத்தில் வைத்தால் போதும், நான் கதிரையில் இருக்கமாட்டேன். சப்பாத்துக்குள் கால்விரல்கள் அசையும், முழங்கால் தானாக வளையும், வயதை மறந்த உடம்பு ஒரு மலைச்சரிவில் போய் நின்றுகொண்டு கீழே பார்க்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். பல்கலைக்கழகப் படிப்பை ஒரு தவணை நிறுத்தி வைத்துவிட்டு, சில மணிநேர பஸ் தூரத்தில் இருந்த பனிமலைக்கு சீசன் வேலைக்குப் போனேன். மற்றப் பிள்ளைகள் குளிருக்கு ஒளிந்திருக்க, இவள் குளிரைத் தேடிப் போகிறாள் என்று அம்மா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்துச் சொன்னார். அவர் கட்டிக் கொடுத்த தேங்காய் எண்ணெய் முதல் இரவிலேயே போத்தலுக்குள் வெள்ளைக் கல்லாகிவிட்டது. ஒரு கரண்டியால் தோண்டி எடுத்துத் தலையில் தேய்த்தேன். ஒரே அறையில் படுத்த நியூசிலாந்துப் பெண்கள் அதைப் பார்த்து வாங்கித் தங்கள் வெடித்த உதட்டில் பூசிக்கொண்டார்கள்.

வேலை, பனியில் சறுக்கும் ஸ்கீ பலகைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடையில். நிலவறை, யன்னல் இல்லை. காலை முதல் மாலை வரை முழங்காலில் நின்று ஆட்களின் பாதத்தைப் பிடித்து, கல்லுப்போன்ற சப்பாத்துக்குள் திணித்து, கொக்கிகளை ஒவ்வொன்றாக இறுக்கவேண்டும். எனக்குக் கிடைத்த பனி, அவர்களின் காலோடு வந்து தரையில் உருகியதுதான்.

ஆனால் மத்தியானம் இருந்தது! சாப்பாட்டு இடைவேளையில் நான் சாப்பிடவில்லை. சான்ட்விச்சை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, கம்பியில் தொங்கியபடி மலைக்கு மேலே போகும் லிஃப்டில் ஏறிவிடுவேன். பனியூக்கலிப்டஸ் மரங்கள் பச்சையும் சிவப்பும் கோடிழுத்த பட்டையோடு முறுகி நிற்கும். அவற்றில் கடும் சிவப்புக் கிளிகள். அவை கிளை மாறும்போது ஒரு பிடி பனி கழுத்துக்குள் விழும். பிறகு இறக்கம். விழுந்தேன், எழும்பினேன், விழுந்தேன், சிரித்தேன். ஒரு நாள் விழவில்லை. காற்று காதுக்குள் கத்திக்கொண்டு வர, மலை முழுவதும் என் இரண்டு உள்ளங்காலுக்குக் கீழே ஓடியது. அன்று கடைக்குத் திரும்பி ஒருவரின் வலது காலில் இடது சப்பாத்தைப் போட்டேன்.

அப்போது ஸ்கீ பள்ளியில் ஓர் ஆசிரியைக்கு மணிக்கட்டு முறிந்தது. புதிதாகப் பழக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவை. நான் போய்க் கேட்டேன். பள்ளிக்குப் பொறுப்பானவர் ஓர் ஒஸ்திரியாக்காரர். வெயிலில் சிவந்த முகத்தில் கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெள்ளை. முன்பக்கமாக நீ இறங்குவாய், பார்த்திருக்கிறேன், பின்பக்கமாக இறங்குவாயா என்று கேட்டார். பழகுபவரைப் பார்த்தபடி, கையைப் பிடித்துக்கொண்டு, தன் முதுகு எந்தப் பக்கம் போகிறதென்று பார்க்காமல் இறங்கத் தெரிந்தவர்தான் ஆசிரியர். இரண்டு தரம் காட்டச் சொன்னார். இரண்டு தரமும் உட்கார்ந்தேன். சனிக்கிழமை ஒரு குழுவைத் தருவேன், அதிலும் விழுந்தால் சீசன் முடியும்வரை நிலவறைதான் என்றார். கோபமில்லாமல் சொன்னார், அதனால் இன்னும் பயமாக இருந்தது.

சனிக்கிழமை பஸ் வந்தது. கதவு திறந்ததும் மீன் ரோல்ஸ் வாசம். மெல்பேர்னில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் சுற்றுலா. இருந்திருந்து என் குழு இதுவா என்று முதலில் நொந்துகொண்டேன். அடுத்த நிமிடமே பஸ் படிக்கு ஓடினேன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு பாய்ந்தார்கள். பெற்றோரில் சிலர்தான் துணிந்தார்கள். அவர்களில் ஓர் அன்ரி, சேலையை முழங்காலுக்கு மேல் செருகி, அதற்கு மேல் வாடகைக் காற்சட்டை மாட்டி, காதை மூடி மஃப்ளர் சுற்றி, முதல் ஆளாக வந்து நின்றார். அவருடைய கணவர் ஒரு ஃபிளாஸ்கோடு வேலியடியில் நின்று, முறிஞ்சால் நான் தூக்கமாட்டன் என்று அறிவித்துவிட்டுத் தேநீர் ஊற்றினார்.

முழங்காலை மடியுங்கள் என்றால் எல்லோரும் இடுப்பை மடித்தார்கள். ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன், செய்து காட்டினேன். கடைசியில் அன்ரியிடம் சொன்னேன்:

"அன்ரி, தேங்காய் துருவத் திருவலையில இருக்கப் போறியள். ஆனா இன்னும் இருக்கேல்லை. பாதியில நில்லுங்கோ."

அவ்வளவுதான். அந்தக் குட்டைத் துருவுபலகையில் உட்காரப் போகிறவராக முழங்காலை மடித்து இறங்கி நின்றார், பத்து வருடம் பழகியவர்போல. அருகில் நின்றவர்களும் இறங்கினார்கள். ஸ்கீயின் முன் நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, மெல்ல மெல்ல ஊர்ந்து நின்றார்கள். ஒஸ்திரியாக்காரர் சரிவின் ஓரத்தில் நின்று பார்த்தார். நான் அன்ரியின் கையைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்குவதுதான் அடுத்தது.

ஆனால் அன்ரி எனக்காகக் காத்திருக்கவில்லை. தானாக ஊர்ந்து ஓரத்துக்குப் போனார். அவருடைய ஸ்கீ ஒஸ்திரியாக்காரரின் ஸ்கீயின் மேல் ஏறியது. நாங்கள் என்ன செய்வோம்? கால் ஒருவர் மேல் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுவோம். அன்ரியும் ஐயோ என்று குனிந்து அவருடைய ஸ்கீயைத் தொட்டு, கையுறையோடு கண்ணில் ஒற்றினார். அந்த மனிதர் கையுறை எதுவும் விழுந்துவிட்டதா என்று தானும் குனிந்து தேடினார். அன்ரியின் பாரம் முன்னே சாய்ந்தது, அகட்டி வைத்த கால்கள் சேர்ந்தன, ஸ்கீ இரண்டும் கீழ்நோக்கித் திரும்பின. கண்ணில் ஒற்றிய கை கண்ணிலேயே இருக்க, அன்ரி புறப்பட்டார்.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இன்னும் அந்த நிலவறையில்தான் இருந்திருப்பேன். நுனிகளை நேரே கீழே திருப்பிவிட்டுக் குனிந்தேன். பனி சர்ரென்று கிழிந்தது. மஃப்ளரின் வால் பறப்பது தெரிந்தது, எட்டினேன், தாண்டினேன், ஒரே சுழற்சியில் அவருக்கு முகம் கொடுத்துத் திரும்பினேன். இப்போது என் முதுகு கீழே போய்க்கொண்டிருந்தது. ஸ்கீயின் பின் முனைகள் தாமாகச் சேர்ந்தன, நுனிகள் விரிந்தன. இரண்டு கையையும் நீட்டினேன்.

"அன்ரி, என்னைப் பாருங்கோ. திருவலை, திருவலை."

அவர் கண்ணைத் திறந்தார், என் கையைப் பிடித்தார், திருவலையில் உட்காரப் போவதுபோல முழங்காலை மடித்தார். நான்கு கால்களும் பனியைத் தேய்த்துத் தேய்த்து, வேகம் தளர்ந்து, தளர்ந்து, பிள்ளைகள் பனிமனிதன் செய்துகொண்டிருந்த இடத்துக்குச் சற்று மேலே நின்றோம். விழவில்லை. ஒருவரும் விழவில்லை. அன்ரி என் கையை விடாமல் மேலே திரும்பிப் பார்த்து, நாங்கள் வந்த தூரத்தை அளந்து, சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் அடங்கவில்லை. மேலே ஒஸ்திரியாக்காரர் தன் கம்பைத் தூக்கிப் பனியில் ஒரு குத்துக் குத்தினார். பிறகு இறங்கி வந்து, அந்தப் பெண்மணி என் ஸ்கீயை ஏன் கும்பிட்டார் என்று கேட்டார். விளக்கினேன். நல்ல பழக்கம், ஆனால் சரிவில் வேண்டாம் என்றார். நாளை காலையிலிருந்து வெளியே வேலை, கடையில் சொல்லிவிடு என்று சேர்த்துச் சொன்னார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன், ஸ்கீயைக் கழற்ற மறந்து.

பின்னேரம் பஸ் இரைந்துகொண்டு நின்றது. கணவர் முன் சீட்டில் இருந்து, தேநீர் ஊற்றக் குனிந்த நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டதென்று யாருக்கோ முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். என் நிலவறைக் கதையைக் கேட்டறிந்திருந்த அன்ரி படியில் நின்று, இனிக் கடை இல்லையோ, அந்த ஸ்கீ பள்ளிக்காரர் என்ன சொன்னவர் என்று என்னிடம் கேட்டார்.

"நாளைக்குத் தொடக்கம் வெளியிலதான், அன்ரி. சீசன் முடியுமட்டும்."

அவர் பஸ்ஸுக்குள் ஒருதரம் பார்த்துவிட்டு, குனிந்து என் காதடியில் சொன்னார்:

"அப்ப வாற கிழமை மகனோட காரில வாறன், பிள்ளை. அந்த மேல் லிஃப்டுக்குப் போவம். இவருக்கு மட்டும் சொல்லிப்போடாதையும்."