கெட்டுப்போன சோப்பைக் கேட்டு வந்தவர்

வைரவ பிள்ளை சார் காலமாகிவிட்டார் என்று அவருடைய மருமகள் நேற்றுக் காலை அவர்கள் குடியிருக்கும் கம்போங் செட்டிக் கிராமத்திலிருந்து நேரில் வந்து சொன்னார். புதுத் தொழில்கள் எப்படிப் பிறக்கின்றன, எப்படி நிலைக்கின்றன என்று ஆராய்ந்து பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய பேராசிரியராக அவரைப் பலருக்கும் தெரியும். நான் அவரை முதலில் பார்த்தபோது பைத்தியம் என்றே நினைத்தேன்.

அது ஜப்பான்காரன் காலம். என் வீட்டுக்காரரைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். எங்கள் ஊரான காஜா பேராங்கில் நான் தேங்காயெண்ணெயும் சாம்பல் நீரும் வைத்துச் சோப்பு காய்ச்சினேன். அதைக் கொடுத்துத்தான் அரிசியும் மரவள்ளிக்கிழங்கும் வாங்க வேண்டும். மூன்று முறை காய்ச்சியும் கூழாகவே நின்றது. அடுத்ததும் கெட்டால் என் இரண்டு பையன்களும் பட்டினிதான்.

சார் அப்போது மூடிய பள்ளியொன்றின் வணிகப் பாட ஆசிரியர். புதிதாகத் தொழில் தொடங்கியவர்களைத் தேடிச் சைக்கிளில் சுற்றி, கேட்டதையெல்லாம் எழுதிக்கொள்வார்.

"நல்லா வந்தத எல்லாரும் காட்டுவாங்க, அக்கா. கெட்டதக் காட்டுங்க," என்றார். கம்போங் செட்டித் தமிழர்கள் வழக்கப்படி வீட்டில் மலாய் பேசுகிறவர், எனக்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசினார்.

"நான் சோத்துக்குச் சாகிறேன், உங்களுக்கு ஆராய்ச்சி கேக்குதா?" என்று கத்தினேன்.

"தாப்பா, பரவாயில்ல. நாளைக்கும் வரேன்." வந்தார்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தேடிப் போய்ப் பார்த்த புதுத் தொழில்காரர்கள் எல்லாரையும் தம் வீட்டுக்கு அழைத்தார். ஆளுக்கொரு வீணான சரக்கோடு வரவேண்டும் என்பதே நிபந்தனை. என் கூழுக்குப் பக்கத்தில் கிளேபாங் செல்லம்மாவின் சோப்பு வெடித்துக் கிடந்தது. அவள் எனக்குப் போட்டிக்காரி. செய்முறையைச் சொன்னால் எனக்கு வரக்கூடிய வாடிக்கையும் அவளிடம் போய்விடும்.

"ரெண்டு பேரும் தனித்தனியா மறைச்சு தனித்தனியா தோக்கிறீங்க. யாரு முதல்ல சொல்றது?" என்றார் சார்.

பையன்களின் முகம் நினைவுக்கு வந்தது. சொல்லிவிட்டேன்.

"உப்பே போடலியா நீ?" என்று செல்லம்மா வாயைப் பிளந்தாள். அவளோ அள்ளிக் கொட்டியிருந்தாள். உப்பு இல்லாவிட்டால் சோப்பு இறுகாது, மிஞ்சினால் வெடிக்கும் என்று அன்றுதான் இருவருக்கும் புரிந்தது.

அடுத்த அடுப்பை இருவரும் சேர்ந்து மூட்டினோம். சோப்பு இறுகியது. சார் முதல் கட்டியைத் தம் கையில் தேய்த்துப் பார்த்தார்; தோல் வெந்து சிவந்தது. "சாம்பல் நீரோட காரம் இன்னும் போகல, யாருக்கும் குடுத்துடாதீங்க," என்று சிரித்தார். இப்படியும் ஒரு மனிதரா என்று மலைத்துப்போனேன். நன்றாகக் காயவைத்துக் கொடுத்த சோப்பு, ஜப்பான்காரன் போகும்வரை இரண்டு வீட்டு அடுப்பையும் எரியவைத்தது.

அன்று பார்த்ததைப் பின்னாளில் ஆய்வாக எழுதினார். அச்சுக்குப் போகுமுன் அதை எனக்கு வாசித்துக் காட்டினார்.

"நான் சரியா புரிஞ்சிக்கிட்டேனா, அக்கா? தப்புன்னா அடிச்சிடுறேன்," என்று பென்சிலோடு காத்திருந்தார். நான்காம் வகுப்போடு நின்றவள் முன்னால் ஒரு பேராசிரியர் அப்படி உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

இன்று மாலை அவரை எடுத்தார்கள். தலை நரைத்த என் பையன்கள் இருவரும் பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். வழியில் அவருடைய மாணவர்கள் தோள் மாற்ற வந்தார்கள், இருவரும் விடவேயில்லை.

போய் வாருங்கள், சார்.