சுட்ட பானெட்

போன சனிக்கிழமை காலை, சோழவந்தானில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டில் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது.

அதனால் என்ன என்கிறீர்களா? பழைய கார் வாங்கப் போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது இது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். இரவெல்லாம் நின்ற எஞ்சினை நம் கண்முன் கிளப்பினால்தான் நோய் தெரியும் — இருமுகிறதா, நீலப் புகை விடுகிறதா... நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால் பாதி நோய் மறைந்துவிடும். விற்பவர்களின் பழைய தந்திரம்.

வாங்க வந்தவன் என் நண்பன் டேனியல். பசுமலையில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டே இருக்கை, மடக்குகிற துணிக்கூரை, தரையோடு தரையாகப் போகும் உடம்பு — இப்படி ஒரு காருக்கு அவன் கல்லூரிக் காலத்திலிருந்தே ஏங்குகிறான்.

விற்பவர் பாண்டியண்ணன். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். இளவயதில் வாங்கி, போல்ட் போல்டாகக் கழற்றி அவரே பூட்டிய கார். இப்போது கண் நரம்பு கெட்டு, பார்வை மங்கிவிட்டது. ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஓட்ட ஆளில்லாம நின்னா துருப்பிடிச்சுச் செத்துரும் சார். ஓட்டுற கைக்குப் போகட்டும்" என்று போனில் சொன்னார். நாங்கள் வரும்வரை காரைக் கிளப்ப வேண்டாம் என்று கேட்டிருந்தேன். சரி என்றிருந்தார்.

வழக்கமாக பானெட்டைத்தான் முதலில் தொடுவேன். அன்று கடைசியில்தான் தொட்டேன். கார் அத்தனை அழகு!

மற்றதெல்லாம் சுத்தம். துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடியிலும் சக்கர வளைவுகளிலும் வைத்தேன், எங்கும் ஒட்டியது. காந்தம் நழுவினால் பெயிண்டுக்குக் கீழே இருப்பது தகரம் அல்ல, ஓட்டையை அடைத்துப் பூசிய வெறும் பட்டி. கால்மிதியைத் தூக்கினேன்; துரு இல்லை. சேசிஸ் எண் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்தியது. வாசலில் ஒரு தாம்பாளம் தயாராக இருந்தது. கொடிக்காலில் பறித்த வெற்றிலை, பாக்கு, மேலே கார் சாவி. வெற்றிலை மாற்றிவிட்டால் வியாபாரம் முடிந்தது. பிறகு பேச்சு மாறக் கூடாது.

அப்போதுதான் கை சுட்டது.

"அண்ணே, வண்டியக் கிளப்புனீங்களா?"

"இல்லையே சார்."

"பானெட்டு சுடுதே?"

"விடியவும் கொடிக்காலுக்குப் போயிட்டு இப்பத்தேன் வாரேன். தொடவே இல்ல சார்."

டேனியலின் முகம் விழுந்துவிட்டது. "வா மாப்ள, போவோம். இதுல பொய் சொல்றவரு இன்னும் எதுல எதுல சொல்லிருக்காரோ" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் பாண்டியண்ணன் காதில் விழுந்துவிட்டது. பானெட்டைத் தடவிப் பார்த்தார். சூடு அவருக்கும் தெரிந்தது.

"அவர ஒண்ணும் சொல்லாதீக. நாந்தேன் எடுத்தேன்."

காபி டம்ளர்களோடு வாசலில் நின்றது அவர் மனைவி ராசாத்தி. வெற்றிலைக் கட்டுகளை மினி வேனில் ஏற்றி மார்க்கெட்டுக்கு ஓட்டிப் போகிறவர்.

"நீயா?" என்றார் பாண்டியண்ணன்.

"ஆத்துப் பாலம் வரைக்கும். நாளைக்கு இது நம்ம வண்டி இல்லையில்ல... ஒரு தடவையாச்சும் ஓட்டிப் பாத்துருவோம்னுதேன்."

"இது உன் வேன் இல்லடி! மூணாவது கியரு முரண்டு பிடிக்குமே, என்ன செஞ்ச?"

"கிளட்ச ரெண்டு தடவ மிதிச்சேன். இம்புட்டு வருசமா பக்கத்துல உக்காந்து உங்க காலத்தான பாத்துட்டு வாரேன்."

"ஒரு வார்த்த சொன்னதில்லையே..."

"பொம்பள ஓட்டுற வண்டியா இதுன்னு எம்புட்டு தடவ சொல்லிருக்கீக. கேட்டா குடுத்திருப்பீகளாக்கும்!"

அண்ணன் பானெட்டை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார்.

டேனியல் ராசாத்தி பக்கம் திரும்பினான். "அக்கா, ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க. அண்ணே, நீங்களும் ஏறுங்க."

பாண்டியண்ணன் பழக்கத்தில் வலது பக்கக் கதவுக்குப் போனார். நின்றார். பிறகு காரைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து, இடது பக்கம் உட்கார்ந்தார்.

ஒரு ரவுண்டு போனவர்களை வெகுநேரம் காணோம். காபி ஆறிவிட்டது. "நல்ல வண்டி மாப்ள" என்றான் டேனியல், சாலையைப் பார்த்தபடியே.

ஒருவழியாக வந்தார்கள். "பாலத்துக்கிட்ட ரெண்டாவதுலயே உருட்டுறா சார், மூணுக்கு மாத்துன்னா கேக்க மாட்டேங்குறா!" — புகார்தான். பாண்டியண்ணன் முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. சட்டென்று நினைவு வந்தவர்போல் சாவியை உருவிக்கொண்டு இறங்கி, அதை மறுபடி வெற்றிலை மேல் வைத்துத் தாம்பாளத்தை எடுத்தார். சிரிப்பு போய்விட்டது. "சொன்ன சொல்லு சொன்னதுதேன். வாங்க சார், வெத்தல மாத்திருவோம்."

டேனியல் தாம்பாளத்திலிருந்து சாவியை எடுத்தான். காரை ஒரு தடவை பார்த்தான். சாவியை ராசாத்தியக்கா கையில் வைத்தான்.

"ஓட்ட ஆளில்லன்னுதானண்ணே விக்கிறீங்க?"

வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டான்.

சிவப்புக் காரில் திரும்புவதாக இருந்தவர்கள் பஸ்ஸில் திரும்பினோம். வெற்றிலையே போடாத டேனியல் ஜன்னலோரம் உட்கார்ந்து மென்றுகொண்டே வந்தான். ஆசைப்பட்ட சிவப்பு, உதட்டில் மட்டும்.

நீங்களும் பழைய கார் பார்க்கப் போனால் காந்தம், துணி, டார்ச் எல்லாம் கொண்டு போங்கள். பானெட் சுட்டால் கட்டாயம் சந்தேகப்படுங்கள். ஆனால் கிளம்பும் முன் ஒரு வார்த்தை... அந்த வீட்டு அம்மாவிடமும் கேட்டுவிடுங்கள்!