அத்தை மகள் கேட்ட தகரம்

பத்து வயதில் எனக்கு ஒரு எதிரி இருந்தாள். எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டாள், என் பாவாடையையே உடுத்தினாள், என் அப்பாவையே மாமா என்று கூப்பிட்டாள். அத்தை இறந்தபின் எங்களோடு வந்துவிட்ட அத்தை மகள். என் வயதுதான்.

அவளை அப்பா ‘தாயி’ என்பார், என்னை ‘ஏட்டி’. அவளுக்கு மீனின் நடுத்துண்டு, எனக்கு வால். சேட்டை செய்தால் என் முதுகில் சுளீரென்று ஒன்று விழும். மறு நிமிடமே மடியில் இழுத்துக்கொள்வார். அவள் மேல் விரல்கூடப் படாது. நான் அடி வாங்கும்போதெல்லாம் கதவோரம் நின்று கண் கொட்டாமல் பார்ப்பாள். வேடிக்கை பார்க்கிறாளே என்று அதற்கும் ஒரு வன்மம் வளர்த்தேன்.

அப்பா பாபநாசத்திலிருந்து மலைக்கு வாடகை ஜீப் ஓட்டினார். அந்த ஐப்பசியில் பாறை உரசி, பின்சக்கரத்துக்கு மேலிருந்த தகடு கிழிந்து தொங்கியது. எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிப் பட்டறைக்குப் போனார். பட்டறை அண்ணாச்சி மூன்று துண்டுகளைத் தரையில் போட்டார்.

“அலுமினியம் துருப்பிடிக்காது, கனமும் இல்ல. ஆனா இரும்புச் சட்டத்தோட முடுக்குத இடத்துல மழைத்தண்ணி தங்கிச்சுன்னா வெள்ளையாப் பூத்து அரிச்சிரும். ஃபைபர் பாக்க அழகு, கல்லு பட்டா விரிஞ்சிரும். தகரம் துருப்பிடிக்கத்தான் செய்யும், பெயிண்ட் அடிச்சு அடிச்சுப் பாத்துக்கிடணும். எது வேணும்? சொல்லும்வே.”

“அலுமினியம்ப்பா!” என்றேன். அப்படி மின்னியது அது. அப்பாவின் காதில் விழவில்லை.

“நீ சொல்லு தாயி” என்றார் அவளிடம்.

அவள் மூன்றையும் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தாள். “மலையில வச்சுக் கிழிஞ்சா, எதை அங்கனயே ஒட்டலாம் மாமா?”

அண்ணாச்சி சிரித்துவிட்டார். “தகரத்தைத்தான். வெல்டிங் வச்சிருக்க எவனும் ஒட்டிருவான். உம்ம மருமவ கெட்டிக்காரிவே!”

அப்பாவின் முகம் மலர்ந்தது. எனக்கு வரவேண்டிய மலர்ச்சி அது. ஜீப்பைப் பட்டறையில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஊர் வரும்வரை, வயல்கள் ஓட, ஆறு ஓட, நான் அதையே மென்றுகொண்டு வந்தேன்.

நாலு நாளில் ஜீப் திரும்பியது, புதுத் தகரத்தில் ஆற்றுப்பாசி நிறப் பெயிண்டோடு. மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்த நேரம், ஒரு ஆணியால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, வெறுந்தகரம் பல்லிளிக்க, ஒரே கோடு இழுத்தேன். இனித்தது. ஆணியைக் கிணற்றில் எறிந்துவிட்டுத் திரும்பினால், கதவோரம் அவள்.

சாப்பிட்ட கையோடு வெளியே வந்த அப்பா கோட்டைப் பார்த்தார்.

“எவ செஞ்ச வேலைட்டி இது?” என்று கையை ஓங்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“நாந்தான் மாமா” என்று அவள் குறுக்கே வந்து நின்றாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு பைய இறங்கியது. “போட்டும் தாயி. பெயிண்ட் அடிச்சாப் போச்சு” என்று விருந்தாளியிடம் பேசும் குரலில் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அவள் நகரவில்லை. கண்களை இறுக மூடி, குனிந்து முதுகைக் கொடுத்தபடி இன்னும் நின்றிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஜீப்புக்குப் பின்னால் போய்க் குத்தவைத்துத் தேம்பித் தேம்பி அழுதாள்.

என் வயிறு எரிந்தது. அத்தனை பெரிய கோட்டுக்கு ஒரு தட்டுக்கூட இல்லை. நானென்றால் தோல் உரிந்திருக்கும்.

“அதான் அடிக்கலைல்லா? பெறகு என்னத்துக்குட்டி அழுத?” என்றேன்.

“அதுக்குத்தான்” என்றாள்.

அவளுக்கு வாய்க்கொழுப்பு என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.