டர்னருக்கு ஒரு சாமி படம்

அது 1977. முந்தின வருஷம்தான் நம் நாடு மதச்சார்பற்றது என்று அரசியல் சட்டத்தின் முகப்பிலேயே சேர்த்திருந்தார்கள். செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் பக்கம் போகும் எங்கள் ஸ்டாஃப் பஸ்ஸில் அதை முதலில் படித்தவன் நான். படித்ததைச் சும்மா வைத்திருக்கும் குணம் எனக்கு அன்றும் இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. “அரசாங்க எடத்துல சரஸ்வதி படம் இன்னாத்துக்கு?” என்று கறுப்புச் சட்டை வெல்டர் கிளப்பினார். “கிரேன் அறுந்து உன் தலைமேல வுழும் பாரு, அப்ப தெரியும் இன்னாத்துக்குன்னு” என்றார் ஃபோர்மேன். ஜன்னலில் திருக்கழுக்குன்றம் மலை வந்ததும் ஃபோர்மேன் கன்னத்தில் போட்டுக்கொள்வார். வெல்டர் வேண்டுமென்றே கொட்டாவி விடுவார். இரண்டு வாரம் தினமும் இதே கச்சேரி.

நடுவில் நான் புகுந்தேன். பூஜையை நிறுத்த வேண்டாம், எல்லா மதத்துப் படத்தையும் வைத்துவிடலாம் என்றேன். கூட்டம் போட்டோம். வந்திருந்த அத்தனை பேரும் இந்துக்கள், ஆகவே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வெல்டர்கூடக் கையைத் தூக்கினார். ஒரு சாமியைத் திட்டுவதற்குப் பதில் மூன்றைத் திட்டலாம் என்று நினைத்திருப்பார்.

ஒர்க்‌ஷாப்பில் முஸ்லிம் என்று இருந்தது ஒரே ஒருவர், லேத் ஓட்டும் டர்னர். பஸ்ஸில் என் பக்கத்து சீட். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தன் லேத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று நிறுத்துவார். சந்தனம் மற்றவர்கள் வைப்பார்கள். பொரி கடலைக்கு அவர்தான் முதல் ஆளாகக் கை நீட்டுவார். கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

“உங்க சாமி படம் ஒண்ணு கொண்டாந்துரு மச்சான்” என்றேன்.

“எங்களுக்குப் படமே கெடையாதுப்பா.”

கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். படம் இல்லாமல் ஒரு சாமியா? பஜாருக்குப் போய், கண்ணாடி போட்ட மெக்கா படம் ஒன்றை நானே வாங்கிவந்தேன். ஏசு எங்கள் கேன்டீன் காலண்டரிலேயே இருந்தார்.

பூஜையன்று சரஸ்வதி, ஏசு, மெக்கா மூவருக்கும் லேத் மேலேதான் இடம். ஃபோர்மேன் பாரபட்சம் பார்க்காத மனிதர். மெக்காவுக்கும் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டார். நான் டர்னரைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்து, “நீயே சூடம் காட்டு மச்சான்” என்று தட்டை நீட்டினேன். எல்லாரும் அவரையே பார்த்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “கையக் கழுவிகினு வரேன்” என்று போனவர் திரும்பி வரவேயில்லை.

அடுத்த வருஷம் பூஜைக்கு முதல் நாள் அவர் லீவு லெட்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

“இன்னா மச்சான், நாளைக்கு நீ இல்லியா? உனக்காவத்தான அவ்ளோ சண்டை போட்டேன்!” என்று உரிமையோடு கோபித்துக்கொண்டேன்.

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “ஆறு வருசமா இங்க டர்னரா இருந்தேன் மச்சான். நீங்க கூட்டம் போட்டு என்னிய முஸ்லிமாக்கிட்டீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். “லெட்டரக் குடு, ஃபோர்மேன்கிட்ட நானே குடுத்துர்றேன்” என்றுதான் சொல்ல வந்தது.