லூசியைத் தேடிய மூன்று நாட்கள்

ராமநாதபுரம், 1988. தேவாலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் பெயர் அட்டவணையை மூன்றாவது நாளாகப் புரட்டுகிறேன். பக்கத்தில், முன்னோரைத் தேடி வந்திருக்கும் எலன். அமெரிக்காவை இங்கிலாந்து ஆண்ட காலத்திலேயே அங்கே குடியேறிய குடும்பத்துப் பெண். மிஷனரி ஊழியத்துக்கு இந்தப் பக்கம் வந்த கிளையில் பிறந்த அவருடைய கொள்ளுப்பாட்டியின் பதிவு மட்டும் அகப்படவில்லை. நிலப் பத்திரத்தில் அந்தக் குடும்பத்தின் பங்களா இருக்கிறது, குழந்தை இல்லை. சாயங்காலம் அவருக்கு ரயில்.

தேவாலயத்து உபதேசியார் எட்டிப் பார்க்கிறார். “அட்டவணையில குடும்பப் பேரையா தேடுறீக? இங்கன யாருக்கு சார் அது இருக்கு? புள்ள பேரை வச்சுல்ல எழுதியிருப்பாக.”

“லூசி” என்கிறேன்.

லூக்காஸுக்கும் லேயாளுக்கும் நடுவே இருக்கிறாள், அப்பா பெயரோடு. எலன் பெருமூச்சு விட்டுச் சிரிக்கிறார்.

எனக்கும் அப்பா பெயரின் முதல் எழுத்துதான். குடும்பப் பெயர் கிடையாது; இருந்தும் மூன்று நாளாக அதைத்தான் தேடினேன். அதை மட்டும் எலனிடம் சொல்லவில்லை.