முத்துச்செல்வி லைனை நிறுத்திய நாள்

பிள்ளைப்பாக்கத்தில் கங்கம்மாள் வீட்டு மாடியறைக்குக் குடிவந்தபோது முத்துச்செல்விக்கும் அருள்பாண்டிக்கும் கல்யாண மஞ்சள்கூட மங்கியிருக்கவில்லை. தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள். அவன் டயர் கம்பெனியில். அவள் காருக்கு விளக்கு செய்யும் கம்பெனியில். கவியா பிறந்த பிறகு, குழந்தையோடு யாராவது ஒருவர் இருக்க வேண்டுமே என்று அவர்களாகவே எதிரெதிர் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அந்த நாட்களைத்தான் இன்றைக்கும் அவள் ஆசையோடு நினைத்துக்கொள்கிறாள். கம்பெனி பஸ் நிறுத்தத்தில் அவன் இறங்குவான், அவள் ஏறுவாள். அரைத்தூக்கத்தில் கவியா இவள் தோளிலிருந்து அவன் தோளுக்கு மாறுவாள்.

"ரசம் அடுப்புல இருக்கு. இவளுக்கு மூக்கு ஒழுகுது, தலைக்கு ஊத்திராதிய."

"சரிட்டி, நீ தின்னியா?"

"குடும்பம் நட்த்துனது போதும், ஏறும்மா!" என்று டிரைவர் ஹாரன் அடிப்பார். அந்த ஒரு நிமிடத்தில்தான் அவர்களுடைய தாம்பத்தியமே நடந்தது. ஆனாலும் என்ன ஒரு சிரிப்பு!

அப்படியொரு காலையில்தான் பஸ் படியில் கால் வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, தள்ளிப் போயிருக்கு. டெஸ்ட்ல ரெண்டு கோடு!"

தூங்குகிற மகளைச் சுமந்தபடியே அவன் ரோட்டில் குதித்தான். கங்கம்மாள் கேட்டுவிட்டு, "ஒர்த்தர் மூஞ்ச ஒர்த்தர் பாக்கறதே இல்ல, இது எப்டிம்மா ஆச்சு?" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

இரண்டு கோடு விழுந்தால் எல்லாம் நல்லபடி என்று முத்துச்செல்வி நம்பினாள். லீவு கிடைக்கும்போது டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். ஒருநாள் கம்பெனியில், விளக்குகள் நகர்ந்து வரும் லைனில் நிற்கும்போதே இடப்பக்கம் வயிறு சுருட்டிப் பிடித்தது. ஓடுகிற லைனில் இடத்தைவிட்டு நகர வேண்டுமானால் மஞ்சள் பொத்தானை அழுத்த வேண்டும். மாற்று ஆள் வந்து நிற்பார். அழுத்தினாள். ஆள் வரவில்லை. பக்கத்திலேயே சிவப்புப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் லைன் முழுவதும் நின்றுவிடும். அது மெஷினில் கோளாறு வந்தால் மட்டும்தான். பல்லைக் கடித்துக்கொண்டு வயர் மாட்டினாள். கையில் பிடித்த விளக்கோடு சரிந்து விழுந்தாள்.

கரு கருப்பையில் இல்லை. கருக்குழாயில் தங்கி, குழாயையே வெடிக்க வைத்திருந்தது. ஆபரேஷனில் குழாயும் போயிற்று, அந்தப் பிஞ்சும் போயிற்று.

"இன்னொரு குழாய் இருக்கும்மா. மறுபடி உண்டாகலாம்" என்றார் டாக்டரம்மா. "ஆனா தள்ளிப்போனதும் உடனே தெரிவிக்கணும். வலி வந்தா யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது."

உடம்பு தேறியபின், இருவரும் ஒரே ஷிப்டுக்கு மாற முயன்றார்கள். "இன்னாத்துக்குய்யா ஷிப்ட் மாத்தணும்?" என்று அவனுடைய சூப்பர்வைசர் கேட்டபோது அருள்பாண்டி காது சிவக்க, "வீட்ல ஒரு வேலை இருக்கு சார்" என்று சொல்லிவைத்தான். லைனே விழுந்து விழுந்து சிரித்ததாம்.

ஷிப்ட் கிடைத்தது; வேலை நேரத்தில் கவியாவைக் கங்கம்மாள் பார்த்துக்கொண்டாள். ஒரே வீடு, ஒரே நேரம். ஆனால் முகம் பார்க்க நேரமில்லாத நாட்களில் இருந்த சிரிப்பு எங்கோ போய்விட்டது. மாதம் தவறாமல் ஏமாற்றம் வரும்; குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் நிற்பாள். வெளியே அவன் எதுவும் கேட்காமல் காப்பி போடுவான். பஸ் படியில் நின்று சிரித்த அந்த முத்துச்செல்வியை அவளே தேடினாள்.

போன மாதம் தள்ளிப் போனது. மீண்டும் இரண்டு கோடு. இம்முறை யாரும் குதிக்கவில்லை. டாக்டரம்மா திங்கட்கிழமை ஸ்கேனுக்கு வரச் சொன்னார்.

சனிக்கிழமை லைனில் வலி இழுத்தது. இப்போது வலப்பக்கம். அவளிடம் மிச்சமிருந்த ஒரே பக்கம். விரல் பழக்கத்தில் மஞ்சளுக்குப் போனது. நின்றது. சிவப்பை ஓங்கி அழுத்தினாள்.

லைன் மொத்தமும் நின்றது. சூப்பர்வைசர் கோதண்டராமன் ஓடிவந்தார். "இன்னாம்மா ஆச்சு மெஷினுக்கு?"

"மெஷினுக்கு ஒண்ணுமில்ல சார். எனக்குத்தான். முழுகாம இருக்கேன், வலிக்கி. நான் போறேன்."

மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாத செய்தியை அத்தனை பேர் முன்னால் உரக்கச் சொல்லிவிட்டாள். கோதண்டராமன் ஒரு கணம் திகைத்தார். பிறகு, "வண்டிய எடுக்கச் சொல்லு! எழிலு, நீ கூடப் போ!" என்று கத்தினார். பக்கத்து இடத்தில் நின்ற எழிலரசி அவள் தோளைத் தாங்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு அருள்பாண்டி யூனிபார்மோடு வந்து சேர்ந்தான். ஸ்கேன் அறையில் முத்துச்செல்வி கண்ணைத் திறக்கவில்லை. டாக்டரம்மா திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதே. கருப்பைக்குள்ளதான் இருக்கு. இதோ, இந்தப் பொட்டு. கருமுட்டை வெளிவந்த பக்கம் இப்படிக் கொஞ்சம் இழுக்கும். நீ வந்ததுதான் சரி. வலி கூடினா மறுபடியும் இதே மாதிரி ஓடி வா."

அவள் திரையைப் பார்த்தாள். இத்தனை காலம் அவன் முன்னால் அழாதவள் அன்றைக்கு விம்மி வெடித்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு வழி தெரியாமப் போயிட்டுங்க... பாதியிலயே நின்னுட்டு..."

"அழாதட்டி" என்றான் அவன். அவனும் அழுதுகொண்டிருந்தான். போன பிள்ளைக்காக அவர்கள் சேர்ந்து அழுதது அதுதான் முதல் முறை. வெளியே நர்ஸ் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டாள். டாக்டரம்மா கதவைச் சாத்தச் சொன்னார்.