விமானத்தடியில் மேரி அக்கா

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் விமானம் ஏறும்போது எரிபொருள் வாடை மூக்கில் அடித்தது. குவீன்ஸ்டவுன் வீட்டில் எங்கள் மேரி அக்காவின் சட்டையில் வீசிய அதே வாடை.

எழுபதுகளின் கடைசியில் அக்கா விமானப் பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்தாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு போகாது. மாதா கோயிலில் யார் கண்ணிலும் படாமல் அந்தக் கைகளை அம்மா தன் முந்தானையால் மூடிவிடுவார்.

"பேசாம டைப்பிங் வேலைக்குப் போயேன். இந்தக் கையோட ஒன்ன யாருடி கட்டிக்குவா?"

அக்கா சண்டை போடவில்லை. "ஒரு தடவ வந்து பாருங்கம்மா" என்றாள்.

ஒரு சனிக்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பாய லேபார் விமான நிலையத்தின் பார்வையாளர் மாடிக்குப் போனார். கீழே, ஒரு பெரிய விமானத்தின் சக்கரங்களுக்கு நடுவே அக்கா குனிந்து எதையோ சோதித்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து கட்டைவிரலை உயர்த்தினாள். பக்கத்தில் நின்ற மூத்த பொறியாளர் தலையாட்டினார். அதன் பிறகே விமானம் நகர்ந்தது.

அம்மா கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தார். பிறகு முன்பின் தெரியாத ஒரு சீனப் பெண்மணியின் கையைப் பிடித்திழுத்து, தனக்குத் தெரிந்த மலாயில் கத்தினார்: "இத்து சாயா புன்யா அனாக்! என் மக!"

விமானம் வானில் மறைந்த பிறகும் அந்தப் பெண்மணியை அவர் விடவில்லை.